பெருமந்தக் கண்ணாடி

பழம்பொருள் திரட்டுவோர் பலர் அரண்மனைகளில் புழங்கிய பொருள்களையே நாடுவர். அமெரிக்காவிலோ, எளியோர் வீட்டு உணவு மேசையில் கிடந்த கண்ணாடித் தட்டுகளைத் தேடித் திரிவோர் உளர். இளஞ்சிவப்பு, பச்சை, தேன்மஞ்சள் எனப் பல நிறங்களில் ஒளிரும் அக்கலங்களைப் ‘பெருமந்தக் கண்ணாடி’ என்று அவர்கள் அழைக்கின்றனர்.

அப்பெயர் ஒரு துயரக் காலத்திலிருந்து வந்தது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. தொடர்ந்து வங்கிகள் பல மூடப்பட்டன. 1933இல் அந்நாட்டுத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. அரிசியும் பருப்பும் போல அன்றாடம் வேண்டியவற்றுக்கே காசில்லாத வீட்டில் வண்ணத் தட்டு எப்படி நுழைந்தது? ஓட்ஸ் பெட்டிக்குள் இலவசமாக ஒரு கிண்ணம் இருந்தது. திரையரங்குகள் குறிப்பிட்ட நாள்களில் நுழைவுச்சீட்டுடன் ஒரு தட்டையோ கோப்பையையோ அளித்தன. முழுத் தொகுதியும் சேர வேண்டுமெனில் வாரந்தோறும் படம் பார்த்தாக வேண்டும்! வணிகத் தந்திரம்தான், எனினும், அதனால் வெறுமையான மேசைக்கு ஒரு நிறம் வந்தது.

உருகிய கண்ணாடியை எந்திரங்கள் அச்சில் அழுத்தி வார்த்தன. வேகமும் மலிவும் குமிழிகளை விட்டுச்சென்றன. அச்சில் செதுக்கிய கொடியும் மலரும் அக்குறைகளை மறைக்க உதவின.

பெரும்பாலான கலங்களில் செய்தவர் முத்திரை இல்லை. ஹேசல் வெதர்மன் என்பார் பழைய விலைப்பட்டியல்களையும் விளம்பரங்களையும் துருவி, எது எந்த ஆலையில் பிறந்தது என ஆராய்ந்து 1970இல் நூலாக வெளியிட்டார். சில பச்சைக் கலங்கள் தம் பழமையைத் தாமே சொல்கின்றன: யுரேனியம் கலந்த கண்ணாடி புற ஊதா ஒளியில் பளிச்செனப் பசுமையாய் ஒளிரும். இரண்டாம் உலகப்போரின்போது யுரேனியம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் சென்றதால், அத்தகைய கலங்களின் உற்பத்தி அமெரிக்காவில் தடைப்பட்டது.

விலை ஏறியதும் போலிகளும் தோன்றின. சில பழைய அச்சுகளிலேயே மீண்டும் வார்க்கப்பட்டன. எனவே வாங்குவோர் நிறத்தையும் வேலைப்பாட்டின் நுணுக்கத்தையும் அடிப்பகுதித் தேய்மானத்தையும் கூர்ந்து நோக்குவர். கீறலற்ற தட்டுக்கே சந்தையில் மதிப்பு மிகுதி. எனக்கோ கீறல் விழுந்த தட்டே அரியதாகத் தோன்றுகிறது. அதில் கத்தி பட்டிருக்கிறது, ஒருவர் உண்டிருக்கிறார். அன்று அதில் இட்டது ரொட்டியா, வெந்த உருளைக்கிழங்கா, எத்தனை பேர் அதைப் பகிர்ந்தனர் என்று அம்மெல்லிய கோடுகளைத் தடவும் விரல் வினவிக்கொண்டே இருக்கிறது.