லாரிக் கப்பலில் ஏறப் போகிற மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். சிலியின் சான்டியாகோவில் படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பும் முன், புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து புவெர்த்தோ நத்தாலேஸ் வரை சரக்குக் கப்பலில் போய்ப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தாய். கையோடு உன் அம்மாவும் போனில் பிடித்துக்கொண்டாள். "லாரி ஏத்துற கப்பல்ல பொம்பளப் பிள்ளை தனியாப் போவுதாம், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கண்ணே" என்றாள். எடுத்துச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தாராளமாகப் போய்விட்டு வா. ஓய்வு பெற்ற பிறகு நானும் உன் அத்தையும் போன வழிதான் அது.

கன்டெய்னர் கப்பலில் ஏறிப் பெருவின் கயாவோ வரை போக முடியுமா என்றும் கேட்டிருந்தாய். அந்தக் காலம் அநேகமாக முடிந்துவிட்டது. 12 பயணிகளுக்கு மேல் ஏற்றினால் சர்வதேச விதிப்படி அது பயணிகள் கப்பல் ஆகிவிடும். உயிர்காப்புப் படகிலிருந்து உள்சுவர் வரைக்கும் சட்டம் மாறும். அதனால் சரக்குக் கம்பெனிகள் அந்தப் பன்னிரண்டுக்குள் நிறுத்திக்கொள்வது வழக்கம். 2020-இல் கொரோனா வந்ததும் பெரும்பாலானவர்கள் அந்த இடங்களையும் மூடிவிட்டார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. நான் வேலையில் இருந்தபோது அப்படி ஏறி வரும் வெள்ளைக்காரத் தாத்தாக்களைச் சாப்பாட்டு மேசையில் சீஃப் எஞ்சினியரான எனக்குப் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள். டீசல் எவ்வளவு எரிகிறது என்று தினமும் கேட்பார்கள்.

நீ சொல்கிற கப்பல் வேறு ரகம். சிலி நாட்டின் தெற்குக் கோடி மாநிலமான மகாயானெஸுக்கு, சொந்த நாட்டுக்குள்ளேயே தரைவழி கிடையாது. 1976-இல், பினோசே ஆட்சியில், தெற்கு நோக்கி ஒரு சாலை போட ஆரம்பித்தார்கள். அது காட்டையும் மலையையும் குடைந்து 1,240 கிலோமீட்டர் ஓடி வில்லா ஓஹிகின்ஸ் என்ற சின்ன ஊரோடு நின்றுபோனது. அதற்குக் கீழே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளத்துக்குப் பனிவயல். மேற்கே தீவும் கால்வாயுமாகக் கரை சிதறிக் கிடக்கிறது. ஆக, ஒரு லாரி தெற்கே போக வேண்டுமானால் அர்ஜென்டினாவுக்குள் புகுந்து சுற்ற வேண்டும். இல்லையென்றால் கப்பல் ஏற வேண்டும். அந்த லாரிகளுக்காக ஓடுவதுதான் நவிமாக் கம்பெனியின் கப்பல். மிச்ச இடத்தில் மனிதர்களை ஏற்றிக்கொள்கிறது.

இதை நீ மனதில் ஏற்றிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். அந்தக் கப்பலில் லாரிதான் மாப்பிள்ளை வீட்டார்; நீ கூடப் போகிறவள். புறப்படும் நேரம் சரக்கைப் பொறுத்தது, போய்ச் சேரும் நேரம் காற்றைப் பொறுத்தது. அங்கே துறைமுகத்தைத் திறப்பதும் மூடுவதும் கடற்படையின் துறைமுக அதிகாரி கையில் இருக்கிறது. காற்று மிஞ்சினால் மூடிவிடுவார். கேப்டனே கெஞ்சினாலும் நடக்காது. நாலு நாள் பயணம் என்று சொல்வார்கள். நத்தாலேஸில் இறங்கிய அன்றைக்கே பஸ், மறுநாள் விமானம் என்று கோத்து வைக்காதே. நடுவில் இரண்டு நாளாவது சும்மா விடு. தாமதமானால் முகத்தைத் தூக்கிக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் போகிறவர்களை நாங்கள் போனபோது பார்த்தோம். அந்த மேசைப் பெண் என்ன செய்வாள், பாவம்.

புவெர்த்தோ மோன்ட்டில் ஏறச் சொல்லும் நேரத்துக்கு முன்பே போய்விடு. சரக்கு ஏற்றுவதைப் பார்க்க விட்டால் கால் வலிக்க நின்று பார். பெரும்பாலான டிரெய்லர்கள் டிரைவர் இல்லாமல், முன்தலை கழற்றி வந்து நிற்கும். துறைமுகத்து டிராக்டர் ஒவ்வொன்றையும் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு சரிவுப்பலகையில் ஏறும். இரண்டு வண்டிக்கு நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி விடுவார்கள். வண்டி நின்றதும் இரண்டு பேர் கீழே குனிந்து, டெக்கில் பதித்த வளையங்களில் சங்கிலியைக் கொக்கி போட்டு நெம்புகோலால் இறுக்குவார்கள். பிறகு ஒருவன் சங்கிலியின் மேல் பூட்ஸ் காலால் ஒரு மிதி மிதிப்பான். தொய்வு தெரிந்தால் மறுபடி நெம்புகோல். நடுக்கடலில் நாற்பது டன் வண்டி ஒன்று அவிழ்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று அந்தக் காலுக்குத் தெரியும்.

கேபின் விஷயம். ஜன்னல் உள்ள கேபினுக்குக் கூடுதல் காசு கொடுக்காதே. கண் விழித்திருக்கிற நேரமெல்லாம் நீ மேல்தளத்தில்தான் இருக்கப் போகிறாய். கப்பலின் நடுப்பகுதியில், கூடுமானவரை கீழ்த்தட்டில் படுக்கை கேள். கப்பல் அணியத்திலும் பின்னாலும் ஏறி இறங்குகிற அளவுக்கு நடுவில் ஏறி இறங்காது. காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொள். குளிர்பெட்டி வண்டிகள் ராத்திரி முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். மாடு ஏற்றி வரும் நடையாக இருந்தால் வாசனையும் உண்டு. உன் தாத்தா வீட்டுத் தொழுவத்தில் வளர்ந்தவள் நீ, தாங்குவாய்.

சாப்பாடு எல்லோருக்கும் ஒரே வரிசையில் தட்டில் போட்டுத் தருவார்கள். நீ அசைவம் தொடமாட்டாய். டிக்கெட் எடுக்கும்போதே எழுதிச் சொல். இருந்தாலும் ரொட்டியும் உருளைக்கிழங்குமாகத்தான் ஓடும். புவெர்த்தோ மோன்ட்டின் ஆன்ஹெல்மோ சந்தையில் பழமும் முந்திரி, பாதாமும் வாங்கி வைத்துக்கொள்.

இனி பேனாஸ் வளைகுடா. உன்னைப் போகாதே என்று சொல்ல ஒரு காரணம் உண்டென்றால் அது இதுதான். அதற்கும் வழி இருக்கிறது. பயணத்தின் பெரும்பகுதி தீவுகளுக்கு உள்ளே, குளத்தில் போவது போலப் போகும். இரண்டாம் நாள் வாக்கில் தைத்தாவோ தீபகற்பம் குறுக்கே வரும். அதை நிலத்தோடு ஒட்டவைப்பது ஓஃப்கி என்ற சதுப்பான, ஒடுங்கிய நிலம். அதை வெட்டிவிட்டால் கப்பல்கள் உள்வழியாகவே போகலாம் என்று 1937-இல் கால்வாய் தோண்ட ஆரம்பித்து, 1943-இல் கைவிட்டார்கள். அந்த வேலை முடியாததால் இன்றைக்கும் கப்பல் பசிபிக்குக்கு வெளியேறி, தீபகற்பத்தைச் சுற்றி, வளைகுடாவைக் கடந்து மறுபடி உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் திறந்த கடல். அந்த அட்சரேகையில் மேற்கே நியூசிலாந்து வரைக்கும் தடுக்க ஒரு திட்டு கிடையாது. அவ்வளவு தூரம் திரண்டு வருகிற அலையைக் கப்பல் பக்கவாட்டில் வாங்கும். 1741-இல் வேஜர் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் இந்தப் பக்கத்துத் தீவொன்றில்தான் மோதி உடைந்தது. தப்பியவர்களில் ஒரு பையன், ஜான் பைரன். கவிஞர் பைரனுக்குப் பாட்டனார்.

வளைகுடா வருவதற்கு முன்பு அறிவிப்பு செய்வார்கள். வாந்தி மாத்திரையை அப்போதே, வயிறு சரியாக இருக்கும்போதே போடு. புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். வெறும் வயிற்றோடு படுக்காதே, உப்பு பிஸ்கட் கொஞ்சம் தின்றுகொள். புத்தகமும் போனும் வேண்டாம். உட்கார முடிந்தால் தொடுவானத்தைப் பார்த்து உட்கார், முடியாவிட்டால் மல்லாந்து படுத்துவிடு. உன் அத்தை இஞ்சித்துண்டை வாயில் அடக்கிக்கொண்டு படுத்தவள், மெஸ்ஸியர் கால்வாய்க்குள் நுழைந்த பிறகுதான் எழுந்தாள். எழுந்ததும் கேட்டது காபி.

மெஸ்ஸியர் கால்வாய் வந்துவிட்டால் தூக்கத்தை விட்டுவிடு. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடங்கள் அதில் உண்டு, ஆனால் நடுவில் ஒரு பாறைத்திட்டு தண்ணீருக்குக் கொஞ்சம் கீழே ஒளிந்திருக்கிறது. 1889-இல் கோட்டோபாக்ஸி என்ற நீராவிக் கப்பல் அந்தக் கால்வாயில் மூழ்கியது, திட்டுக்கும் அதன் பெயரே நிலைத்தது. அந்தத் திட்டின் மேல் ஒரு முழுக் கப்பல் துருப்பிடித்து நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பாய். தூரத்தில் பார்த்தால் எதிரே வருகிற கப்பல் என்றே தோன்றும். பெயர் கேப்டன் லியோனிடாஸ், 1968-இல் ஏறியது. மாலுமிகள் சொல்லும் கதை இது: சர்க்கரை ஏற்றி வந்த கேப்டன் வழியிலேயே சரக்கை விற்றுக் காசாக்கிவிட்டு, இன்ஷூரன்ஸுக்காகக் கப்பலை மூழ்கடிக்கத் திட்டம் போட்டான்; ஆழமான கால்வாய், அடையாளமே இல்லாமல் போய்விடும் என்று திட்டின் மேல் விட்டான்; கப்பல் மூழ்காமல் அப்படியே உட்கார்ந்துகொண்டது. திருட்டுக்குக் கடல் நட்டு வைத்த சாட்சி. எஞ்சினியர்கள் கூடும் இடத்தில் இந்தக் கதையை எத்தனை தரம் சொன்னாலும் சிரிப்பு வரும்.

அதற்கும் தெற்கே ஆங்கோஸ்துரா இங்லேசா என்ற இடுக்கு. மிகக் குறுகிய இடத்தில் 180 மீட்டர் அகலம் இருக்கலாம், அதிலும் ஒரு வளைவு, நீரோட்டமும் பலம். ஏற்றமும் வற்றமும் மாறுகிற நேரம், தண்ணீர் ஓய்ந்து நிற்கும்போதுதான் நுழைவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கப்பல், எதிரே வருகிறது என்றால் காத்திருக்க வேண்டும். ஒரு தீவுத்திட்டில் வெள்ளையாய் மாதா சிலை இருக்கும்; நம்ம பக்கத்துப் பரதவர் மாதிரியே அங்கத்திய மாலுமிகளும் கையெடுத்துக் கும்பிட்டுக் காசு போடுவார்கள். அந்த நேரத்தில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளலாம், ஆனால் பேசாதே. பைலட் ஒரு சொல் சொல்வார், சுக்கான் பிடிப்பவன் அதைத் திருப்பிச் சொல்வான். அவர்கள் இருவர் பேச்சுக்கு நடுவில் நம் குரல் போகக் கூடாது.

புவெர்த்தோ எடேன் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வெலிங்டன் தீவில் இருக்கும் சின்னக் குடியிருப்பு அது. சாலை கிடையாது, வீட்டுக்கு வீடு மரப்பலகை நடைபாதை. மழை ஓயாத ஊர். கப்பல் அங்கே நின்றால் படகுகள் வந்து ஒட்டும். மாவு மூட்டை, கேஸ் சிலிண்டர், ஊருக்குப் போய்வந்த பாட்டி என்று இறங்குவார்கள். புகை போட்ட சிப்பி மேலே ஏறும். பலகைப் பாலத்துக்கும் படகுக்கும் நடுவில் நிற்காதே, அவர்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான்.

அங்கே இருப்பவர்களில் சிலர் கவேஸ்கர் மக்கள். அந்தக் கால்வாய்களில் மரப்பட்டைப் படகோடு, படகுக்குள்ளேயே அடுப்பு எரித்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகத் திரிந்தவர்கள். அவர்கள் மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவே. 1881-இல் அவர்களில் பதினோரு பேரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாரிஸிலும் பெர்லினிலும் கூண்டு மிருகம் போல டிக்கெட் வாங்கிப் பார்க்க வைத்தார்கள். அப்படிப் போய் செத்தவர்களில் ஐந்து பேருடைய எலும்புகள் சூரிச்சில் கிடந்து, 2010-இல்தான் சிலிக்குத் திரும்பி வந்து அடக்கமாயின. ஆகையால் அங்கே கேமராவைப் பையிலேயே வை. கோரைக்கூடையோ சின்னப் பொம்மைப் படகோ விற்றால் பேரம் பேசாமல் வாங்கு. "நீங்கதான் கடைசி ஆளா" என்கிற கேள்வியை யாரிடமும் கேட்காதே. எங்களோடு வந்த ஒருவர் கேட்டார். அந்தப் பெண்மணி கூடையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

தனியாகப் போவதைப் பற்றி அம்மா பயப்படுகிறாள். பெண்களுக்கு மட்டும் என்று படுக்கை கிடைக்குமா எனக் கேட்டு எடுத்துக்கொள். பாஸ்போர்ட்டை இடுப்பிலேயே வை. லாரி டிரைவர்களைக் கண்டு ஒதுங்காதே. பெரும்பாலானவர்கள் வருஷக்கணக்கில் அந்த வழி போகிறவர்கள், சீட்டு விளையாட்டும் மாத்தே டீயுமாக இருப்பார்கள். உன் ஸ்பானிஷ் அங்கேதான் தேறும். ராத்திரி குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவன் எவனாவது இருந்தால் அவன் எங்களைப் போன்ற சுற்றுலாக்காரன்தான்.

ஜனவரி, பிப்ரவரியில் போனால் பகல் நீளம். அப்படிப் போயும் நாலு நாளும் மழையும் மேகமுமாக, மலை ஒன்றுகூடத் தெரியாமல் போகலாம். எங்களுக்கு ஒன்றரை நாள் அப்படித்தான் போயிற்று. நல்ல மழைக்கோட்டும், நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடி கம்பளிக் காலுறையும் எடுத்துக்கொள். குடை வேண்டாம், அந்தக் காற்றில் குடை உன்னை எடுத்துக்கொண்டு போய்விடும். வழியில் பெரும்பாலும் போனுக்கு சிக்னல் கிடைக்காது. ஏறுவதற்கு முன்பே அம்மாவிடம் அதைச் சொல்லிவிடு. இல்லையென்றால் நாலு நாளும் என் போன்தான் அடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு வேலை வைக்கிறேன். எஞ்சின் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லி இரண்டாம் எஞ்சினியரிடம் கேள். "எங்க மாமா சீஃப்" என்று சொன்னால் விடுவார்கள். என்ன கம்பெனி எஞ்சின், எத்தனை சிலிண்டர், முழு வேகத்தில் நாளைக்கு எத்தனை டன் எரிகிறது என்று கேட்டு எழுது.

அன்புடன்,
மாமா