கேட்காமல் வந்த பார்சலும் பத்து நாள் கெடுவும்

ஆரணி

அன்புள்ள நித்யா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ கேட்காத முகப்பூச்சு ஒரு செட், விலை 1,299 ரூபாய். அடியில் பொடி எழுத்தில், ‘பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் வாங்கிக்கொண்டதாகக் கருதப்படும்’ என்று ஒரு வரி. தினமும் ஒருவன் போன் போட்டு மிரட்டுகிறான் என்கிறாய். கட்டித் தொலைத்துவிடு என்கிறாளாம் ஒரு தோழி. ஓசியில்தானே வந்தது, பூசிக்கொள் என்கிறாளாம் இன்னொருத்தி. இரண்டு பேர் பேச்சையும் கேட்காதே.

முதலில் உன் பக்கத்தைச் சரிபார். ‘ஒரு ரூபாய்க்கு மாதிரி’ என்று ஏதாவது விளம்பரத்தைப் பார்த்து முகவரி கொடுத்தாயா? உன் அறைத் தோழிகள் யாராவது உன் பெயரில் ஆர்டர் போட்டார்களா? அப்படியென்றால் கதை வேறு. அப்போதும்கூட, இணையக் கடைகளுக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, வாங்கும் சம்மதத்தை நீயே வெளிப்படையாகக் கொடுத்திருக்க வேண்டும். அவர்களே முன்கூட்டி டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதம் ஆகாது. நீ எதுவுமே செய்யவில்லை என்றால் மேலே படி.

பில் என்பது ஒருவன் தனக்கு வரவேண்டும் என்று சொல்லிக்கொள்ளும் தொகை. அதை அச்சடித்துவிட்டதாலேயே நீ கடன்காரி ஆகிவிட மாட்டாய். விற்கிறேன் என்று ஒருவர் சொல்ல வேண்டும், சரி என்று மற்றவர் ஒப்ப வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதன்மேல்தான் நிற்கிறது. மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கும் வீட்டில் செல்லலாம் (அங்கேயும் செல்லக் கூடாது என்பது என் கட்சி), வியாபாரத்தில் செல்லாது.

இதற்கு உதாரணமாக இங்கிலாந்தில் 1862இல் ஒரு வழக்கு நடந்தது. வேடிக்கை என்னவென்றால், அதுவும் நம்மைப் போல ஒரு குடும்பத்துப் பெரியவர் இளையவருக்கு எழுதிய கடிதத்தால் வந்ததுதான். பால் ஃபெல்ட்ஹவுஸ் என்பவர் தம்முடைய உறவுப் பையன் ஜானின் குதிரையை வாங்க நினைத்தார். ‘உன்னிடமிருந்து மறுபேச்சு வராவிட்டால், முப்பது பவுன் பதினைந்து ஷில்லிங்குக்குக் குதிரை என்னுடையது என்று வைத்துக்கொள்கிறேன்’ என்கிற மாதிரி எழுதினார். ஜானுக்கும் விற்கத்தான் மனம். ஆனால் பதில் எழுதவில்லை. ஏலக்காரர் பிண்ட்லி அந்தக் குதிரையைத் தவறுதலாக வேறொருவருக்கு ஏலம் விட்டுவிட, பெரியவர் அவர்மேல் வழக்குப் போட்டார், தோற்றார். பதில் சொல்லாவிட்டால் விற்றதாக ஆகும் என்று அடுத்தவர்மேல் நிபந்தனை சுமத்த அவருக்கு உரிமை கிடையாது என்றது நீதிமன்றம். மனதுக்குள் ‘சரி’ சொன்னவனின் மௌனமே செல்லவில்லை. மனதுக்குள்கூடச் சொல்லாத உன்னைப் பத்து நாள் கெடு என்ன செய்யும்?

அதற்காகப் பூசிக்கொள்ளாதே. அதே ஒப்பந்தச் சட்டத்தில் 70ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இனாமாகத் தரும் எண்ணம் இல்லாமல் ஒருவர் முறைப்படி கொடுத்த பொருளின் பலனை நீ அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும், அல்லது பொருளைத் திருப்ப வேண்டும். சட்டமே ஒரு உதாரணம் சொல்கிறது: வியாபாரி ஒருவர் தவறுதலாக ஒரு வீட்டில் சரக்கை விட்டுவிட்டுப் போகிறார்; வீட்டுக்காரர் அதைத் தன் பொருளாகவே பாவிக்கிறார்; அவர் பணம் கொடுத்தாக வேண்டும். நம் நெசவாளர் தெருவிலேயே யோசித்துப் பார். அடுத்த வீட்டுக்கு வரவேண்டிய ஜரிகை நம் வீட்டில் இறங்கிவிட்டது என்று வை. உன் அப்பா அதை ஊடு போட்டு நெய்துவிட்டு, ‘நான் கேட்கவில்லையே’ என்று சொல்ல முடியுமா?

அமெரிக்கா 1970லும் பிரிட்டன் 1971லும் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தன. கேட்காமல் அனுப்பிப் பணம் பிடுங்குவது அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்திருந்தது. இப்போது அங்கெல்லாம் அப்படி வந்த பொருளைப் பரிசாக வைத்துக்கொள்ளலாம். உன் இரண்டாவது தோழி அங்கே பிறந்திருக்க வேண்டியவள். நம் சட்டம் அவ்வளவு தாராளம் இல்லை. இங்கே உன்னைக் கடன்காரி ஆக்கக்கூடியது பில் அல்ல, நீ திறந்து பூசும் டப்பா.

ஆகவே பெட்டியை அப்படியே வை. மேலே ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டு, பில், சீல் எல்லாவற்றையும் படம் எடு. பிறகு மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரே ஒரு தடவை எழுது: ‘இந்தப் பொருளை நான் கேட்கவில்லை. வாங்கவும் சம்மதிக்கவில்லை. பயன்படுத்தாமல் வைத்திருக்கிறேன். உங்கள் செலவில் இன்ன தேதிக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.’ தேதி தாராளமாக இருக்கட்டும். உன் காசைப் போட்டுக் கூரியரில் அனுப்ப வேண்டியதில்லை. தூக்கியும் எறியாதே, அது அவன் பொருள்.

அதற்குப் பிறகு போனில் பேசாதே. சிபில் கடன் பதிவில் ஏற்றிவிடுவேன் என்பான். சிபிலுக்கு விவரம் கொடுப்பவை வங்கி போன்று கடன் தரும் நிறுவனங்கள். முகப்பூச்சு விற்கிறவனுக்கு அங்கே வேலை இல்லை. வக்கீல் நோட்டீஸ் என்பான். நோட்டீஸ் வேறு, நீதிமன்ற உத்தரவு வேறு. வந்தால் முன்பு எழுதியதையே பதிலாக எழுதி, நகல் வைத்துக்கொள். தொல்லை நிற்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தையே ஏமாந்து கொடுத்துவிட்டாய் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

கேஷ் ஆன் டெலிவரி பார்சலில் ஆபத்து வாசலிலேயே முடிந்துவிடும். வீட்டில் யாருக்கோ வந்திருக்கிறது என்று நினைத்துப் பாட்டிகள் சுருக்குப் பையைத் திறந்துவிடுகிறார்கள். கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. யார் போட்டது என்று தெரியாவிட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லித் திருப்பிவிடு. ‘சரி, கேன்சல் செய்கிறேன், ஓடிபி சொல்லுங்கள்’ என்பார்கள். வேண்டாம் என்று சொன்னாலே போதும், ஓடிபி எதையும் சொல்லாதே.

நீ சம்பாதிக்க ஆரம்பித்ததும் கேட்காமல் வரப்போவது கிரெடிட் கார்டு. அதில் ரிசர்வ் வங்கி கண்டிப்பாகவே இருக்கிறது. சம்மதம் இல்லாமல் கார்டு கொடுத்து அதற்குக் கட்டணமும் போட்டால், கட்டணத்தை ரத்து செய்வதோடு அதைப்போல் இரண்டு மடங்கை உனக்கு அபராதமாகத் தர வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு உத்தரவு.

இனி உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். உண்மையில் எனக்குக் கவலை தந்தது அதுதான். அப்பா நெய்யும் சேலைகளை வாட்ஸ்அப்பில் விற்கிறாய், நல்லது. போன வருடம் வாங்கியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சேலையை அனுப்பி, ‘பிடித்தால் பணம் போடுங்கள், இல்லையென்றால் திருப்பிவிடுங்கள்’ என்று எழுதலாமா என்கிறாய். முகப்பூச்சுக்காரன் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? உன் எண்ணம் நல்லது, அவ்வளவுதான். சேலை அங்கே பீரோவில் தூங்கும், பில்லை வைத்துக்கொண்டு உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. அப்பாவுக்குக் கூலியும் பட்டு வாங்கிய காசும் முடங்கும்.

அதற்கு ஆரணியில் பழைய வழி இருக்கிறது. கடைக்காரர் தானே கேட்டு, பத்துச் சேலையை அப்ரூவலுக்கு, அதாவது பிடித்தால் வாங்குவது என்று, எடுத்துப்போகிறார். கேட்டு வாங்கிப் போவதால் இங்கே கணக்கு தலைகீழ். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 24ஆம் பிரிவின்படி, குறித்த கெடுவுக்குள் வேண்டாம் என்று தகவல் சொல்லாமல் அவர் வைத்துக்கொண்டால், சரக்கு அவருடையதாகிவிடும். இங்கே மௌனம் வாங்கும்.

அதனால் முதலில் படம் அனுப்பு. ‘பார்வைக்கு அனுப்பட்டுமா?’ என்று கேள். ‘அனுப்பு’ என்று எழுத்தில் பதில் வந்தபிறகு சேலையைப் பார்சல் கட்டு. சீட்டில் சேலையின் நிறம், முந்தி, விலை, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதோடு, திருப்புவதற்குக் கடைசித் தேதியையும் போடு. தேதி போடாவிட்டால் சட்டம் ‘நியாயமான காலம்’ என்கிறது. அது எத்தனை நாள் என்று நீயும் அவரும் வாதாடி முடிப்பதற்குள் ஆடி பிறந்துவிடும். பிறகு திரும்பி வரும் கல்யாணச் சேலை ஆவணி முகூர்த்தம் வரை பெட்டியில்தான் கிடக்கும்.

இப்படிக்கு,
பெரியப்பா