தண்டல், அஞ்சு ரூபா வட்டி, கார்டு, இஎம்ஐ: எந்தக் கடனை முதல்ல அடைக்கணும்?



"மாசம் எட்டாயிரம் கடனுக்கே போகுது. ஆனா கடன் மட்டும் குறையவே மாட்டேங்குது." கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்துக்கிட்டு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், கவரைப்பேட்டை பக்கம் குடியிருக்கிற நிறைய பேருக்கு இதுதான் நிலைமை. சம்பளம் பத்தலைங்கிறது உண்மைதான். ஆனா அதே சம்பளத்துல, அதே எட்டாயிரத்தைக் கட்டியே கடனை முடிக்க வழி இருக்கு. அதை இன்னைக்கு ஒரு கணக்கு போட்டே பார்த்துடலாம்.

கடன் குறையாததுக்கு முக்கியமான காரணம், ஒவ்வொரு கடனும் ஒவ்வொரு பாஷையில பேசுறதுதான். தண்டல்காரர் "ஒரு நாளைக்கு நூறு" என்பார். வட்டிக்கு விடுறவர் "அஞ்சு ரூபா வட்டி" என்பார். பைக் ஷோரூமில் "12 பர்சென்ட்தான் சார்" என்பாங்க. கார்டு பில்லில் "மினிமம் டியூ 900" என்று இருக்கும். இந்த நாலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராத வரைக்கும் எது உங்களைத் தின்னுதுன்னு தெரியாது. அந்த அளவு: 100 ரூபாய்க்கு வருஷத்துக்கு எவ்வளவு வட்டி?

படி 1: கைக்கு வர்ற பணத்தை அளங்க

கிருஷ்ணா தண்ணி தமிழ்நாட்டுக்குள்ள நுழையிற ஜீரோ பாயிண்ட் ஊத்துக்கோட்டை பக்கத்துலதான் இருக்கு. 1983 ஒப்பந்தப்படி சென்னைக்காக ஒதுக்கினது 15 டிஎம்சி. வழியில ஆவியாகிறது, கசியிறது எல்லாம் 3 டிஎம்சி போக, எல்லையில நமக்குக் கிடைக்க வேண்டியது 12 டிஎம்சி. அதனால, வந்து சேர்ற தண்ணியை ஜீரோ பாயிண்டில்தான் அளக்குறாங்க.

சம்பளமும் அப்படித்தான். ஆஃபர் லெட்டரில் இருக்கிறதை வச்சு பட்ஜெட் போடாதீங்க. ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். மொத்தச் சம்பளம் 21,000. அதில் பேசிக் 15,000. பிஎஃப் 12% என்றால் 1,800 போகும். இஎஸ்ஐ 0.75%, அது 158. கைக்கு வர்றது சுமார் 19,000. இதுதான் உங்க 12 டிஎம்சி. ஓடி (ஓவர்டைம்) பணத்தை இதுல சேர்க்கவே சேர்க்காதீங்க. அது இந்த மாசம் இருக்கும், அடுத்த மாசம் இருக்காது.

வீட்டுச் செலவு இப்படின்னு வச்சுக்கலாம்: வாடகை 3,500, மளிகை காய்கறி 4,500, பால் கேஸ் 1,500, கரண்ட் போன் 600, பெட்ரோல் பஸ் 900. மொத்தம் 11,000. மீதி 8,000 கடனுக்குப் போகுது. அந்த எட்டாயிரம் எங்கே போகுதுன்னு பார்ப்போம்.

படி 2: எல்லாக் கடனையும் ஒரே அளவுக்கு மாத்துங்க

*தண்டல்.* பத்தாயிரம் கடன்னு பேரு. முன்னாடியே 1,500 பிடிச்சுக்கிட்டு 8,500 கையில கொடுப்பாங்க. தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். "வெறும் 1,500தானே" என்று தோணும். ஆனா முதல் நாள்ல இருந்தே அசல் குறைஞ்சுக்கிட்டே வருது. 8,500 முழுசா 100 நாளும் உங்ககிட்ட இருக்கிறதே இல்லை. சரியா கணக்குப் போட்டா இது வருஷத்துக்கு சுமார் 120%.

*ரூபா வட்டி.* இது சுலபம், 12-ஆல் பெருக்குங்க. மூணு ரூபா வட்டி என்றால் 36%. அஞ்சு ரூபா வட்டி 60%. பத்து வட்டி 120%. இதுல இன்னொரு ஆபத்து, நீங்க மாசாமாசம் கட்டுறது வட்டி மட்டும்தான். 20,000 வாங்கி மாசம் ஆயிரம் வட்டி கட்டினா, 20 மாசத்துல இன்னொரு 20,000 கொடுத்து முடிச்சிருப்பீங்க. அசல் அப்படியே நிக்கும்.

*கிரெடிட் கார்டு.* பல கார்டுகளில் மாசம் 3.5%, அதாவது 42%. அந்த வட்டி மேல ஜிஎஸ்டி 18% சேர்த்தா 50% கிட்ட வந்துடும். 18,000 பாக்கிக்கு 900 மினிமம் டியூ கட்டினா, அதுல 740 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போயிடும். அசல்ல குறையிறது வெறும் 160.

*பைக் இஎம்ஐ.* 60,000 கடன், 24 மாசம், "12% ஃப்ளாட்". வட்டி 14,400 சேர்த்து மாசம் 3,100. அசல் குறையக் குறைய வட்டி குறையணும் இல்லையா? ஃப்ளாட் கணக்குல அது குறையாது. உண்மை வட்டி சுமார் 21.6%. மனக்கணக்கா போட, ஃப்ளாட் ரேட்டை 1.8-ஆல் பெருக்குங்க, கிட்டத்தட்ட சரியா வரும்.

*7 நாள் லோன் ஆப்.* 5,000 என்று சொல்லி 3,500 அனுப்பிட்டு, ஒரே வாரத்துல 5,000 கேட்கிற ரகம். வருஷக் கணக்குல இது 2,200%-க்கு மேல. இதைக் கடன்னு சொல்றதே தப்பு.

*வங்கி நகைக்கடன்.* பொதுவா 9 முதல் 11% வரை. கூட்டுறவு சங்கத்திலும் விசாரிச்சுப் பாருங்க.

வங்கியோ பதிவு பெற்ற நிதி நிறுவனமோ கொடுக்கிற சில்லறைக் கடனுக்கு, 2024 அக்டோபர் 1 முதல், எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைப் போட்டு ஒரு "முக்கிய விவரத் தாள்" கொடுத்தே ஆகணும். கையெழுத்துக்கு முன்னாடி அதைக் கேட்டு வாங்குங்க. அதுல இருக்கிற அந்த ஒரே எண்தான் உண்மை வட்டி.

படி 3: வரிசைப்படுத்துங்க

நம்ம உதாரணக் குடும்பத்தின் பேப்பர் இப்போ இப்படி இருக்கும்:

- தண்டல்: பாக்கி 6,000, மாசம் 3,000 (120%)
- அஞ்சு ரூபா வட்டி: பாக்கி 20,000, மாசம் 1,000 (60%)
- கார்டு: பாக்கி 18,000, மாசம் 900 (50%)
- பைக்: பாக்கி சுமார் 38,000, மாசம் 3,100, இன்னும் 14 மாசம் (21.6%)

பைக் கடன்தான் தொகையில பெருசு. அதனால அதை நினைச்சுத்தான் நிறைய பேருக்குத் தூக்கம் வராது. ஆனா வட்டியைப் பாருங்க, நாலுலயும் மெதுவா தின்கிறது அதுதான். பைக் பாட்டுக்கு இஎம்ஐ ஓடட்டும். நாம கை வைக்க வேண்டியது மேல இருக்கிற மூணுல. அந்த மூணுக்கும் சேர்த்து பாக்கி 44,000, மாசம் 4,900 கட்டுறோம்.

படி 4: அ) வீட்டில் நகை இருந்தால்

44,000-ஐ 10% வங்கி நகைக்கடனா எடுத்து மூணையும் ஒரே நாள்ல முடிச்சிடுங்க. இப்போ மாச வட்டி வெறும் 367.

இங்கதான் பெரும்பாலானவங்க வழுக்கி விழுறாங்க. "மாசம் 367தானே, மீதி கையில நிக்குதே" என்று செலவு பண்ண ஆரம்பிச்சா, வருஷக் கடைசியில 44,000 அப்படியே நிக்கும். நகை ஏலத்துக்குப் போகும். அதனால இதை மாத்தவே மாத்தாதீங்க: கடன் மாறினாலும் கட்டுற தொகை மாறக்கூடாது. அதே 4,900-ஐ எடுங்க. 4,500 நகைக்கடனுக்கு, 400 தனியா ஒரு சேமிப்புக்கு. பதினோராவது மாசம் நகை வீட்டுக்கு வந்துடும். மொத்த வட்டி சுமார் 2,100. கையில 4,400 சேமிப்பும் இருக்கும்.

நகைக்கடன் எடுக்கும்போது மூணு கேள்வி கேளுங்க: இடையில அசல்ல பகுதி பகுதியா கட்டலாமா? மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு? கெடு தேதி எது?

இன்னொரு விஷயம். அந்த நகை பெரும்பாலும் உங்க அம்மாவோடதோ மனைவியோடதோதான் இருக்கும். "அவசரம், கொடு" என்று வாங்காதீங்க. இந்தப் பேப்பரை அவங்க முன்னாடி வச்சு, எவ்வளவு கடன், என்ன வட்டி, எந்த மாசம் நகை திரும்பும்னு சொல்லுங்க. வீட்டுக்குத் தெரியாத கடன்தான் இன்னொரு கடனைக் கூட்டிட்டு வரும். ஏன்னா மறைக்கிறதுக்கும் காசு வேணும்.

படி 4: ஆ) நகை இல்லையென்றால்

அப்பவும் முடியும், கொஞ்சம் கூடுதல் செலவாகும். தண்டல் இன்னும் 60 நாள்ல தானா முடியும். முடிஞ்ச அன்னைக்கு "கட்டி முடிச்சுட்டீங்க, புதுசா எடுத்துக்கோங்க" என்று தண்டல்காரரே கேட்பார். அந்த ஒரு நாள் "வேணாம்ணா" என்று சொல்லிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சது.

விடுதலையான 3,000-ஐ அப்படியே அஞ்சு ரூபா வட்டிக்குத் திருப்புங்க. வட்டியோட சேர்த்து மாசம் 4,000. கொஞ்சம் கொஞ்சமா அசலை வாங்கிக்கிறீங்களான்னு அவர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க. ஒத்துக்கலைன்னா அந்தப் பணத்தைத் தனிக் கணக்குல சேர்த்து மொத்தமா கொடுங்க. ஆறு மாசம் கிட்ட ஆகி அது முடிஞ்சதும், முழு 4,900-மும் கார்டுக்கு. அசல் பகுதி பகுதியா வாங்கிக்கிட்டா மூணும் முடிய சரியா ஒரு வருஷம். வட்டி சுமார் 13,000.

நகை வழிக்கும் இதுக்கும் வித்தியாசம் 11,000 ரூபாய். அதாவது ஒரு மாச வீட்டுச் செலவு. கம்பெனியில் வட்டியில்லாத சம்பள அட்வான்ஸ் கிடைக்குமான்னு எச்ஆர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறதுல தப்பில்லை. கிடைச்சா அது முதல்ல அஞ்சு ரூபா வட்டிக்குத்தான் போகணும்.

இரண்டு வழியிலும் கார்டை வீட்டிலேயே வச்சிட்டு வாங்க. போன்ல சேமிச்சு வச்சிருக்கிற கார்டு விவரத்தையும் அழிச்சிடுங்க.

படி 5: திரும்ப தண்டல் பக்கம் போகாம இருக்க

தண்டல் எதுக்கு வாங்குறோம்? பெரும்பாலும் காய்ச்சல், லீவு, திடீர் சாவு கல்யாணம். அதுக்கு முன்னாடியே ஏற்பாடு இருக்கணும்.

- இஎஸ்ஐ: சம்பளம் 21,000 வரைக்கும் இருக்கிறவங்களுக்கு, கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் உண்டு. மாசாமாசம் காசு பிடிக்கிறாங்க, ஆனா கார்டையே எடுக்காதவங்க நிறைய. குடும்பத்தையும் அதுல சேருங்க. உடம்பு முடியாம லீவு போட்டா, தகுதி இருந்தால், வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70% நோய்க்கால உதவியா கிடைக்கும்.
- இஎம்ஐ தேதி: சம்பளம் 7-ஆம் தேதி, இஎம்ஐ 5-ஆம் தேதி என்றால் மாசாமாசம் பவுன்ஸ் ஆகும். வங்கியும் அபராதம் போடும், கடன் கொடுத்தவரும் போடுவார். தேதியை 10-க்கு மாத்தித் தரச் சொல்லி எழுத்துல கேளுங்க.
- ஓடி பணம்: பாதி சேமிப்புக்கு, பாதி உங்களுக்கு. எல்லாத்தையும் கடனுக்கே போட்டா ரெண்டே மாசத்துல வெறுத்துடும்.
- தீபாவளி போனஸ்: வர்றதுக்கு முன்னாடியே செலவு பண்ணிடாதீங்க. வந்த அன்னைக்கே பாதியை, அப்போ பட்டியல்ல முதல்ல நிக்கிற கடனுக்குக் கட்டிடுங்க.

மிரட்டினால் என்ன செய்றது?

கடனைத் திருப்பிக் கொடுக்கிறது நம்ம கடமை. மிரட்டலைப் பொறுத்துக்கிறது கடமை இல்லை. வங்கி, நிதி நிறுவனங்களோட வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாடியும் மாலை 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. நிறுவனத்துக்கு எழுதியும் சரியாகலைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பு எண் 14448. கடன் ஆப் உங்க காண்டாக்ட் லிஸ்ட்டையும் போட்டோவையும் கேட்கவே கூடாது. கேட்டா அழிச்சிடுங்க. ஆன்லைன் மோசடி என்றால் உடனே 1930. கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டிக்கு எதிரா தமிழ்நாட்டில் 2003-லிருந்தே தனிச் சட்டம் இருக்கு, ஜெயில் தண்டனை வரைக்கும் போகும். போலீஸ் ஸ்டேஷன்ல எழுத்துல புகார் கொடுங்க. கட்டின ஒவ்வொரு ரூபாய்க்கும் தேதி போட்ட குறிப்பும், முடிஞ்சா ஜிபே ரசீதும் வச்சிருங்க. அந்த நேரத்துல அதுதான் கை கொடுக்கும்.

இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது

ஒரு வெள்ளைத் தாள் எடுங்க. நாலு கட்டம் போடுங்க: யாருக்கு, எவ்வளவு பாக்கி, மாசம் எவ்வளவு கட்டுறேன், வருஷத்துக்கு எத்தனை சதவீதம். கடைசிக் கட்டத்தில் பெரிய எண் எதுவோ அதைச் சுத்தி வட்டம் போடுங்க. அதுதான் முதல்ல முடியணும்.

நம்ம உதாரணத்துல பன்னிரண்டாவது மாசத்துக்குள்ள மூணு கடனும் காலி. பதினாலாவது மாசம் பைக்கும் முடிஞ்சிடும். சம்பளம் ஒரு ரூபாய் கூட ஏறாம, பதினஞ்சாவது மாசம் அந்த 8,000 முழுசா உங்க கையில நிக்கும். அதை என்ன பண்றதுன்னு அடுத்த பதிவில் பேசலாம். முதல்ல தாளை எடுங்க.