காற்றும் எரிபொருளும்: அளவறியும் கலை

நுழையும்முன்
மோட்டார் சைக்கிள் வாங்கியவுடன் அதன் சைலன்சரையும் காற்று வடிகட்டியையும் கழற்றிவிட்டு வேறு பொருத்துவது இளைஞரிடையே ஒரு விருப்பமாகப் பரவியுள்ளது. மாற்றப்படுபவை இரண்டு உறுப்புகளே. ஆனால், அவற்றால் இயந்திரத்தின் மூச்சே மாறிவிடுகிறது. அம்மாற்றத்திற்கேற்பக் கார்புரேட்டரைச் சரிசெய்யும் முறையையும், சரிசெய்யத் தவறினால் நேரும் கேட்டையும் இப்பாடம் விளக்குகிறது.

புழுதி நிலத்துச் சாலைகள்
சென்னை – திருச்சிராப்பள்ளி தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள நகரம் பெரம்பலூர். அதற்குக் கிழக்கே உள்ளது அரியலூர். அரியலூரின் நிலப்பகுதி பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் இருந்தது. அக்கடலில் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லே இன்று அங்குள்ள சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருளாகிறது. சுரங்கங்களிலிருந்து கல்லேற்றிச் செல்லும் லாரிகளின் பின்னே வெண்புழுதி எழுந்து சாலையோர மரங்களின் மீது படிகிறது. அப்புழுதியின் ஊடாகவே இருசக்கர வாகனங்களும் ஓடுகின்றன. காற்று வடிகட்டியின் அருமையை உணர்வதற்கு இச்சாலைகளைவிட ஏற்ற இடம் வேறில்லை.

கார்புரேட்டர் செய்யும் பணி
பெட்ரோல் தானாக எரிந்து ஆற்றல் தருவதில்லை. காற்றோடு கலந்தே எரிகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இக்கணக்கின்படி ஒரு லிட்டர் பெட்ரோலுக்குத் தேவைப்படும் காற்று ஏறத்தாழ 9,000 லிட்டர். இவ்வளவு காற்றையும் அளந்து, அதற்கேற்ற பெட்ரோலைத் துளிகளாக்கிக் கலந்து, இயந்திரத்திற்கு அனுப்புவதே கார்புரேட்டரின் பணி.

குறுகிய வழியில் விரைந்து செல்லும் காற்றில் அழுத்தம் குறையும். டேனியல் பெர்னௌலி 1738ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் பாய்மங்களைப் பற்றி விளக்கிய இவ்வுண்மையே கார்புரேட்டருக்கு அடிப்படை. கார்புரேட்டரின் நடுப்பகுதி இடை சிறுத்த குழலாக அமைந்திருக்கும். அவ்விடத்தில் அழுத்தம் குறைவதால், கீழேயுள்ள மிதவைக் கலத்திலிருந்து பெட்ரோல் ‘ஜெட்’ எனப்படும் நுண்துளை வழியாக மேலேறிக் காற்றில் தெறிக்கிறது.

தெரிந்து தெளிவோம்
1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் திருவொற்றியூர் ஆலையில் உருவான புல்லட் வண்டிகள் நாடெங்கும் ஓடின. பிற்கால புல்லட் வண்டிகள் பலவற்றில் ‘மிக்கார்ப்’ கார்புரேட்டர் பொருத்தப்பட்டிருந்தது. அதனை ஜப்பானிய மிகுனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் தயாரித்தது சென்னையைச் சேர்ந்த யூகால் நிறுவனம்.

மாற்றத்தால் நேர்வது
ஆலையில் பொருத்தப்படும் வடிகட்டி ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்கும். அப்பெட்டி காற்றின் வரவைச் சற்றே தடுக்கிறது. அத்தடையால் உண்டாகும் உறிஞ்சுவிசையும் பெட்ரோலை மேலே இழுக்கத் துணைசெய்கிறது. இவற்றையெல்லாம் கணக்கிட்டே ஜெட்டின் துளையளவு முடிவு செய்யப்படுகிறது. பெட்டியை நீக்கித் திறந்த வடிகட்டியைப் பொருத்தும்போது காற்று மிகுகிறது, உறிஞ்சுவிசை குறைகிறது. தடை குறைந்த சைலன்சரும் சேர்ந்தால் எரிந்த வாயு எளிதில் வெளியேறி, புதுக்காற்று மேலும் உள்ளே வருகிறது. ஜெட்டின் துளையோ பழைய அளவிலேயே இருக்கிறது. எனவே, கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைகிறது.

பெட்ரோல் குறைந்த கலவையால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும். முறுக்குப்பிடியைத் திடீரெனத் திருகினால் வண்டி ஒரு கணம் தயங்கும். பிடியைத் தளர்த்தினால் சைலன்சர் படபடவென வெடிக்கும். அவ்வெடியொலியை வண்டியின் வலிமை என எண்ணி மகிழ்வோர் பலர். உண்மையில், அது கலவை பிழைபட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம். நெடுந்தொலைவு அந்நிலையிலேயே ஓட்டினால் வால்வு கருகும், பிஸ்டன் பழுதடையும்.

சரிசெய்யும் முறை
தேர்ந்த மெக்கானிக் மூன்று நிலைகளாகப் பிரித்துக்கொண்டு இப்பணியைச் செய்வார்.

முதலாவது, நின்ற நிலை ஓட்டம். இயந்திரம் நன்கு சூடேறிய பின்னரே இதனைச் சரிபார்க்க வேண்டும். மிக்கார்ப் போன்ற கார்புரேட்டர்களின் பக்கவாட்டில் காற்றுத் திருகாணி ஒன்று உண்டு. அதனை மென்மையாக இறுதிவரை உள்ளே திருகி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது தொடக்க நிலை. உள்ளே திருகினால் காற்று குறையும். வெளியே திருகினால் காற்று மிகும். இயந்திரம் சீராகவும் விரைவாகவும் ஓடும் இடத்தில் திருகாணியை நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, இடைநிலை ஓட்டம். முறுக்குப்பிடி கால்பங்கு முதல் முக்கால்பங்கு வரை திறந்திருக்கும்போது பெட்ரோலின் அளவை முடிவு செய்வது ஊசி. ஊசியின் மேற்பகுதியில் உள்ள வெட்டுகளில் ஒன்றில் கொக்கி மாட்டப்பட்டிருக்கும். கொக்கியை ஒரு வெட்டு கீழே மாட்டினால் ஊசி உயரும், பெட்ரோல் மிகும்.

மூன்றாவது, முழுநிலை ஓட்டம். இங்கே ஆள்வது பிரதான ஜெட். அதன்மீது எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே தயாரிப்பின் ஜெட்டுகளில் எண் பெருகினால் துளையும் பெருகும். ஒரே தாவலில் பெரிய ஜெட்டுக்குச் செல்லாமல், படிப்படியாக மாற்றிச் சோதிப்பதே முறை.

ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் தீப்பொறிச் செருகியைக் கழற்றி நிறம் பார்ப்பது பட்டறை வழக்கம். வெளிர்பழுப்பு நிறம் சரியான கலவையைக் காட்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. மிகுதியும் கேடே. கரும்புகை வெளியேறும், ஒரு லிட்டருக்கு ஓடும் தொலைவு குறையும். ஒரு நேரத்தில் ஓர் உறுப்பை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் விளைவு எதனால் வந்தது என்று அறிய இயலாது.

சரிசெய்ய இயலாதவை
கார்புரேட்டரை எவ்வளவு திறம்படச் சரிசெய்தாலும் புழுதியைத் தடுக்க அதனால் இயலாது. கண் அகன்ற மலிவான வடிகட்டியின் வழியே நுழையும் மணல்துகள் சிலிண்டரின் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்க்கும். பின்னர், இயந்திர எண்ணெயும் சேர்ந்து எரிந்து நீலப்புகை எழும். சிறிது வேகத்திற்காக இயந்திரத்தின் ஆயுளை விலையாகக் கொடுப்பது அரியலூர்ச் சாலைகளில் எளிதில் நிகழக்கூடியது.

ஒலியும் அத்தகையதே. மருத்துவமனையில் படுத்திருப்போருக்கும் தேர்வுக்குப் படிப்போருக்கும் அவ்வொலி துன்பம். ஒலியைக் குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் இருக்கவேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே, எதை மாற்றலாம் என்பதை அறிந்த பின்னரே எவ்வாறு மாற்றுவது என்னும் வினா எழவேண்டும்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால் புதிய வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தி பெற்றுள்ளது. உணரிகள் காற்றை அளக்க, சிறு கணினி பெட்ரோலை அளந்து தருகிறது. கருவி மாறினாலும் கணக்கு மாறவில்லை. பழைய வண்டிகளைப் பேணும் பட்டறைகளில் மெக்கானிக்கின் காதும் கண்ணும் விரல்நுனியும் அக்கணக்கை இன்றும் போட்டுக்கொண்டிருக்கின்றன.

கற்பவை கற்றபின்
1. உங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் உரையாடி, பட்டறையில் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து அவற்றின் பொருளை எழுதுக.
2. ‘வெடியொலி வலிமையின் அடையாளமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.