வி.ஆர். விளையாட்டில் ஏ.ஐ. பாத்திரங்களோடு பேச: 15 பயனுள்ள குறிப்புகள்

'ஸ்கைரிம் வி.ஆர்.' விளையாட்டு 2017-ல் பிளேஸ்டேஷனுக்கும், 2018-ல் கம்ப்யூட்டருக்கும் வந்தது. அதில் வரும் ஊர்மக்கள், எழுதிக் கொடுத்த வசனத்தையே திரும்பத் திரும்ப ஒப்பிப்பார்கள். கம்ப்யூட்டர் பதிப்பில் 'மேன்டெல்லா' என்ற இலவச மோடை (விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் நிரலை) இணைத்துவிட்டால், நாம் வாய்விட்டுக் கேட்கும் கேள்விக்கு அவர்களே யோசித்துப் பதில் சொல்வார்கள். அதை வீட்டில் அமைக்க நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. இதில் மூன்று வேலைகள் வரிசையாக நடக்கின்றன. விஸ்பர் அல்லது மூன்ஷைன் நம் பேச்சை எழுத்தாக்கும். மொழி மாடல் பதிலை எழுதும். பைப்பர் அதைக் குரலாக்கும். காது, மூளை, வாய் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கோளாறு வந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல், எது மக்கர் செய்கிறது என்று முதலில் பாருங்கள்.

2. விளையாட்டை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் நிறுவாதீர்கள். அங்கே விண்டோஸ் காவல் அதிகம். மோடுகள் ஃபைல் எழுதும்போது தடுக்கும். வேறு டிரைவிலோ தனி ஃபோல்டரிலோ வையுங்கள். மோடு போடும் முன் விளையாட்டை ஒருமுறை அப்படியே திறந்து மூடுங்கள்.

3. இந்த மோடு இயங்க எஸ்.கே.எஸ்.இ. என்ற துணைக் கருவி வேண்டும். சாதாரண ஸ்கைரிமுக்கான பதிப்பு இதற்குச் சேராது. வி.ஆர். பதிப்பு 1.4.15-க்கு எஸ்.கே.எஸ்.இ.வி.ஆர். 2.0.12-தான் பொருந்தும். கூடவே வி.ஆர். அட்ரஸ் லைப்ரரியும், அமைப்பு மெனுவுக்கு ஸ்கைUI-யின் வி.ஆர். பதிப்பும் வேண்டும். எப்போதும் எஸ்.கே.எஸ்.இ.வி.ஆர். லோடர் வழியாகவே விளையாட்டைத் தொடங்குங்கள். ஸ்டீமில் நேராக 'பிளே' அழுத்தினால் மோடு வேலை செய்யாது.

4. ஹெட்செட்டை மாட்டும் முன்பே மைக்கைச் சரிபாருங்கள். விண்டோஸ் சவுண்டு செட்டிங்கில் 'இன்புட்' பகுதியில் ஹெட்செட்டின் மைக்தான் தேர்வாகியிருக்கிறதா? லேப்டாப்பின் சொந்த மைக் அங்கே உட்கார்ந்திருந்தால், நீங்கள் அறையின் மறுகோடியிலிருந்து பேசுவது பாத்திரத்துக்குச் சரியாகக் கேட்காது. வாய்ஸ் ரெக்கார்டரில் நான்கு வார்த்தை பதிந்து, போட்டுக் கேட்டுவிடுங்கள்.

5. குவெஸ்ட் ஹெட்செட்டை வயர் இல்லாமல் இணைப்பவர்கள், இணைக்கும் ஆப்பில் மைக்கை அனுப்பும் வசதி 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரை ரூட்டரோடு கேபிளால் இணைத்து, ஹெட்செட்டை மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் விட்டால் படமும் குரலும் திணறாது.

6. புளூடூத் இயர்போனின் மைக்கைத் தவிர்த்துவிடுங்கள். அதில் மைக் ஓடத் தொடங்கியதும் பெரும்பாலான இயர்போன்கள் போன் பேசும் முறைக்கு மாறி, கேட்கும் ஒலியின் தரத்தையும் குறைத்துவிடும். ஹெட்செட்டின் சொந்த மைக்கே நல்லது.

7. மின்விசிறிக் காற்று மைக்கில் நேராக அடிக்காத இடத்தில் உட்காருங்கள். டி.வி., மிக்ஸி சத்தமும் உங்கள் பேச்சாகப் பதிவாகலாம். நீங்கள் நிறுத்திய பிறகும் பதிவு ஓடிக்கொண்டே இருந்தால், மேன்டெல்லாவின் 'ஆடியோ திரெஷோல்டு' அளவைச் சற்றே ஏற்றுங்கள்.

8. ஒரு வாக்கியத்தின் நடுவே யோசித்து நிறுத்தினால், பாதிக் கேள்விக்கே பதில் வந்துவிடும். 'பாஸ் திரெஷோல்டு' என்பது, நீங்கள் மௌனமான பின் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு. நிதானமாகப் பேசுகிறவர்கள் அதைக் கூட்டலாம். ஆனால் கூட்டிய அளவுக்கு ஒவ்வொரு பதிலும் தாமதமாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

9. மேன்டெல்லாவில் வரும் மூன்ஷைனுக்கு ஆங்கிலம்தான் தெரியும். விஸ்பருக்குத் தமிழும் புரியும். இருந்தாலும் பாத்திரங்களின் குரல் ஆங்கிலத்துக்காகவே செய்யப்பட்டது என்பதால், ஆங்கிலத்தில் பேசுவதே சுலபம். நம் உச்சரிப்பில் ஊர்ப் பெயர்கள் தவறாகப் பதிவானால், விஸ்பரின் 'பேஸ்' மாடலிலிருந்து 'ஸ்மால்' மாடலுக்கு மாறிப் பாருங்கள்.

10. மொழி மாடலைச் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டினால் காசு மிச்சம். ஆனால் 800 கோடி அளவுருக்கள் கொண்ட சிறிய மாடலைச் சுருக்கி வைத்தாலும் சுமார் 5 ஜி.பி. கிராஃபிக்ஸ் மெமரியைப் பிடித்துக்கொள்ளும். அதே கார்டுதான் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் படம் வரைய வேண்டும். கார்டில் இடம் குறைவு என்றால் ஓப்பன்ரவுட்டர் போன்ற இணையச் சேவையே மேல்.

11. இணையச் சேவை தரும் ரகசியச் சாவியை (ஏ.பி.ஐ. கீ) ஏ.டி.எம். பின் நம்பர் போலப் பாதுகாத்து வையுங்கள். உதவி கேட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பும்போது அதை மறைத்துவிடுங்கள். ஓப்பன்ரவுட்டரில் ஒரு சாவிக்கு இவ்வளவுதான் செலவு என்று வரம்பும் போடலாம்.

12. முதல் சோதனைக்கு ஒயிட்ரன் ஊரில் 'பேனர்ட் மேர்' விடுதிக்காரி ஹுல்டா போதும். மோடு தரும் மேன்டெல்லா மந்திரத்தை அவர் மேல் ஏவி, 'இன்றைக்குச் சாப்பிட என்ன இருக்கிறது?' என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். வீட்டில் ஒருவரை மானிட்டர் முன் உட்கார வைத்து, மேன்டெல்லாவின் கறுப்பு விண்டோவைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டது அதில் வரவில்லை என்றால் மைக் பக்கம் கோளாறு. கேள்வி வந்து பதில் வரவில்லை என்றால் சாவி, இருப்புத் தொகை, இணையம் ஆகியவற்றைப் பாருங்கள். பதிலும் எழுத்தில் வந்து ஹுல்டா வாய் திறக்கவில்லை என்றால் குரல் அமைப்பைத் தொடுங்கள்.

13. பதில் நீண்டு அலுப்பூட்டினால், ஒரு பதிலுக்கு அதிகபட்சம் இத்தனை வாக்கியம் என்ற அமைப்பைக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் அதுவரை பேசியதெல்லாம் சேர்ந்தே மாடலுக்குப் போவதால், உரையாடல் நீள நீளச் செலவும் ஏறும். வேலை முடிந்ததும் 'குட்பை' சொல்லுங்கள். பேச்சு முடிந்து, அதன் சுருக்கம் ஃபைலில் சேரும். அடுத்த முறை அந்தப் பாத்திரம் பழைய பேச்சை நினைவு வைத்துப் பேசுவது அதனால்தான்.

14. பேச ஆரம்பிக்கும் முன் விளையாட்டை 'சேவ்' செய்யுங்கள். பாத்திரங்கள் கோபப்படும் வசதியை 'ஆன்' செய்திருந்தால், கெட்ட வார்த்தைக்குப் பாத்திரம் வாளை உருவக்கூடும். மன்னிப்புக் கேட்டால் சமாதானமாகவும் கூடும். இரண்டாவது ஆள் மேலும் மந்திரத்தை ஏவினால் அவரும் பேச்சில் சேர்ந்துகொள்வார். ஒருவரோடு எல்லாம் ஒழுங்காக நடந்த பிறகு கூட்டம் சேர்ப்பது நல்லது.

15. இணையச் சேவையைப் பயன்படுத்தினால் நீங்கள் சொன்ன வார்த்தைகள் எழுத்தாக வெளியே போகின்றன. வீட்டு முகவரி, பேங்க் விவரம், உடம்புக் கோளாறு எதையும் பாத்திரத்திடம் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். ஸ்கைரிம் பெரியவர்களுக்கான, வெட்டுக்குத்து நிறைந்த விளையாட்டு; ஏ.ஐ. என்ன பேசும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. அதனால் சிறுவர்கள் கையில் ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பயன்படுத்தி முடித்ததும் ஹெட்செட்டை, லென்ஸில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஜன்னலோர வெயில் கொஞ்ச நேரம் பட்டாலே உள்ளே இருக்கும் திரை கருகிவிடலாம்.