சாவி கையில் இருந்தால் மட்டும் போதுமா?



பெஸ்தாரி ஜெயா பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. அதில் எனக்கும் தங்கைக்கும் தனித்தனிக் கணக்கு. நான் முதலாண்டு படித்தபோது அது அடிக்கடி நின்றுபோனது. 'கமாண்ட் பிராம்ப்ட்' எனும் கட்டளைச் சன்னலைத் திறந்து, பழுதான விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்' கட்டளையைத் தட்டினேன். நிர்வாகியாக இயக்கினால்தான் முடியும் என்று மறுத்துவிட்டது. "என்னடா இது, நான்தானே நிர்வாகி!" என்று எரிச்சல் வந்தது.

காரணம் இருக்கிறது. 2007-இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், நிர்வாகிக் கணக்கில் நுழைந்தாலும் நிரல்கள் சாதாரண உரிமையோடுதான் ஓடும். முழு உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும். கோயில் உண்டியல் மாதிரிதான். சாவி பொருளாளரிடம் இருந்தாலும் நாலு பேர் முன்னால்தான் திறப்பார்.

திறக்கும் முறை:

1. விண்டோஸ் விசையை அழுத்தி, 'சிஎம்டி' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள்.

2. 'கமாண்ட் பிராம்ப்ட்' தெரிந்ததும் அதை வலப்பக்கம் சொடுக்கி, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் சரி.

3. அனுமதி கேட்கும் பெட்டியில் நிரலின் பெயரைப் படித்த பிறகே 'யெஸ்' கொடுங்கள். சாதாரணக் கணக்கென்றால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும்.

4. சன்னலின் தலைப்பில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருக்கிறதா பாருங்கள்.

லினக்ஸில் கட்டளைக்கு முன்னால் 'சூடோ' என்று சேர்த்தால் இதே உரிமை கிடைக்கும்.

மடிக்கணினி சரியானது. எனக்குத் தலைக்கனம் ஏறியது. சில நாளில், நண்பன் அனுப்பிய 'வேகமாக்கும்' கட்டளை ஒன்றைப் படித்துப் பார்க்காமலே அந்தச் சன்னலில் ஒட்டினேன். சாயங்காலம் தங்கை கேட்டாள்: "அண்ணே, என் எஸ்.பி.எம். நோட்ஸ் எங்கே?"

சாதாரண உரிமையோடு இருந்திருந்தால் அவள் கணக்கின் கோப்புறையை என்னால் தொட்டிருக்கவே முடியாது. நான் கேட்டு வாங்கிய உரிமைதான் அதை அழித்தது. கட்டளையால் அழிந்தவை குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது. மூன்று வாரம், இரவெல்லாம் அவளோடு உட்கார்ந்து திரும்ப எழுதினேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

ஆகவே, என்டர் தட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தக் கட்டளை என்ன செய்யும்? யாருடைய கோப்புகளைத் தொடும்? அவற்றுக்கு நகல் இருக்கிறதா? பதில் தெரியாவிட்டால் தட்டாதீர்கள். வேலை முடிந்ததும் 'எக்ஸிட்' என்று தட்டி மூடிவிடுங்கள். உண்டியலைத் திறந்தவர்தானே பூட்டவும் வேண்டும்!