ஃப்ரீ த்ரோ: நாங்கள் கற்ற பாடம்

கூடைப்பந்தாட்டத்தில் ஒருத்தி கூடையை நோக்கிப் பந்தை எறியும்போது எதிரணியினர் விதியை மீறித் தடுத்தால் அவளுக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். இதை நம் பள்ளியின் ஆறாம் வகுப்புச் சிறுமியும் அறிவாள். பிரெஞ்சு படித்த நம் புதுவைப் பெரியவர்கள் இதனை ‘லான்சே ஃபிரான்’ என்பார்கள். தடுப்பார் இல்லை, பறிப்பார் இல்லை. நடுவர் பந்தைத் தந்தபின் ஐந்து வினாடிக்குள் எறிய வேண்டும். விழுந்தால் ஒரு புள்ளி. குள்ளமானவளும் நெட்டையானவளும் இங்கே ஒன்றுதான். இத்தனை எளிதான ஒன்றில் நாங்கள் எப்படித் தவறினோம், பிறகு எப்படித் திருந்தினோம் என்பதைத் தோழியர்க்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டி ஒன்றில் ஆட்டம் முடியச் சில வினாடிகளே இருந்தன. நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் அணித்தோழி ஒருத்திக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. இரண்டும் வளையத்தின் பின்விளிம்பில் இடித்துத் திரும்பின; தோற்றோம். மேட்டுப்பாளையம் வந்து சேரும்வரை பேருந்தில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறோம். அடுத்த வாரம் அவள் பயிற்சிக்கே வரவில்லை. அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். பெயரை மட்டும் போட வேண்டாம் என்றாள்.

எங்கள் விளையாட்டுப் பொறுப்பாளரான சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. “அன்று மற்றவர்கள் எறிந்தவை எங்கே பட்டன?” என்று மட்டும் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தோம். தவறியவற்றில் பெரும்பாலானவை பின்விளிம்பில்தான் பட்டிருந்தன. ஒருத்தி தவறினால் பதற்றம் எனலாம். ஐந்து பேரும் ஒரே இடத்தில் தவறினால்?

எங்களில் ஒருத்தியின் தந்தை கட்டட மேஸ்திரி. ஒரு சனிக்கிழமை அவர் டேப்பும் தூக்குக்குண்டும் கொண்டுவந்து நம் மைதானத்தை அளந்தார். ஃப்ரீ த்ரோ கோடு பலகையின் முகத்திலிருந்து 4.6 மீட்டரில், அதாவது ஏறத்தாழ 15 அடியில் இருக்க வேண்டும். சிமெண்டுத் தளம் புதிதாகப் போட்டபோது கோடு வரைந்தவர் பலகையை விட்டுவிட்டு, வளையத்தின் முன்விளிம்பிலிருந்து 15 அடி அளந்திருக்கிறார். அந்த விளிம்பு பலகையிலிருந்து 60 செ.மீ. முன்னே இருக்கிறது. ஆக, நாங்கள் மாதக்கணக்கில் இரண்டு அடி பின்னால் நின்று பழகியிருக்கிறோம்! சரியான களத்தில் அதே பலத்தோடு எறிந்தபோது பந்து நீண்டு போயிற்று. அன்று மாலையே தோழியின் வீட்டிற்கு எல்லோரும் போனோம்.

“தூரத்திலிருந்து பழகினால் பக்கத்திலிருந்து சுலபம்தானே?” என்று சிலர் கேட்டார்கள். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் கை பழகுவது குறிப்பிட்ட ஒரு பலத்திற்கு. தினமும் உழக்கில் அளந்து உலை வைப்பவள் கையில் திடீரென்று வேறு அளவைக் கொடுத்தால் சோறு என்னவாகும்?

கோட்டைத் திருத்தியபின் எறியும் முறையையும் ஆராயத் தொடங்கினோம். வளையத்தின் உட்குறுக்களவு 45 செ.மீ. பெண்கள் ஆடும் 6ஆம் எண் பந்தின் குறுக்களவு சுமார் 23 செ.மீ. ‘வழி தாராளம்’ என்று தோன்றும். பந்து தாழ்வாக, 30 பாகைச் சரிவில் வந்தால் அதற்குத் திறந்திருக்கும் வழி 22.5 செ.மீ.தான், விளிம்பில் படாமல் நுழையவே முடியாது. 45 பாகையில் வந்தால் அதே வளையம் சுமார் 32 செ.மீ. வழிவிடும். கணக்குப் பாடத்தில் சைன் அட்டவணை எதற்கு என்று கேட்ட எங்களுக்கு இங்கே விடை கிடைத்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் கணினியில் இலட்சக்கணக்கான எறிவுகளைக் கணித்து, சுமார் 52 பாகை ஏற்றத்தில், வினாடிக்கு மூன்று பின்சுழற்சியோடு எறிவது சிறந்தது என்று 2008இல் கண்டார்கள். அவர்கள் கணித்தது உயரமான ஆடவருக்கு. ஆயினும் நம் உயரத்திற்கும் பந்தை மேலே தூக்கி எறிவதே நன்று.

பந்தை உள்ளங்கையில் வைக்காமல் விரல்களில் தாங்க வேண்டும். முழங்கை பந்தின் கீழே இருக்க வேண்டும். வெளியே விரிந்தால் பந்து பக்கவாட்டில் ஓடும். இடக்கை தாங்கலுக்கு மட்டுமே, தள்ளக் கூடாது. (எங்கள் அணியில் பாதிப் பேருக்கு இதுதான் நோய்.) பலம் முழங்கால் மடிப்பிலிருந்து வர வேண்டும். கடைசியில் மணிக்கட்டு தானாக மடிந்து தொங்க வேண்டும். பின்சுழற்சி அதிலிருந்தே வருகிறது. வீட்டில் பாயில் மல்லாந்து படுத்துப் பந்தை ஒரே கையால் நேரே மேலே எறிந்து பிடித்தால் மணிக்கட்டு பழகும். அம்மாமார்கள் மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டுகிறோம்.

கண்ணுக்கும் பயிற்சி உண்டு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் தேர்ந்த ஆட்டக்காரிகளின் பார்வையை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். நன்றாக எறிபவர்கள் எறியுமுன் வளையத்தின் ஒரே இடத்தில் பார்வையை அதிக நேரம் நிறுத்துகிறார்களாம். அதனால் நாங்கள் ஒவ்வொருத்தியும் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டோம். இரண்டு முறை பந்தைத் தட்டுவது, ஒரு மூச்சு, ஒரே பார்வை, எறிவு. ஒருத்தி மூன்று முறை தட்டுகிறாள். அது அவள் வழக்கம், மாற்றச் சொல்லவில்லை.

சிறு வகுப்புத் தங்கைகள் பந்தை இரு கையாலும் கீழிருந்து வீசுவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் ரிக் பாரி அப்படியே வீசித்தான், நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு போட்டு 1980இல் ஓய்வு பெற்றார். வில்ட் சேம்பர்லைன் 1962 மார்ச் 2இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தபோது, கீழிருந்து வீசி 32 ஃப்ரீ த்ரோவில் 28ஐப் போட்டார். பிறகு கேலியாக இருக்கிறதென்று அதை விட்டுவிட்டார். விட்டது தவறு என்று அவரே எழுதியிருக்கிறார். அவருடைய மொத்தக் கணக்கு நூற்றுக்கு ஐம்பத்தொன்றுதான்.

பயிற்சியில் செய்த பெரிய மாற்றம் ஒன்றுண்டு. முன்பெல்லாம் இடத்தை விட்டு அசையாமல் தொடர்ந்து ஐம்பது எறிவோம். ஆட்டத்தில் ஐம்பது யார் தருவார்? ஓடி மூச்சிரைக்கும்போது இரண்டுதான் வரும். எனவே களத்தை இரு சுற்று ஓடிவந்து இரண்டு எறிவது, மறுபடி ஓடுவது என்று வைத்தோம். எறிபவளின் காதருகே மற்றவர்கள் கூச்சலிடுவார்கள். சாலையில் போகும் லாரிகளின் ஹாரனும் இதற்கு உதவுகிறது. போட்டது, முன்னால் பட்டது, பின்னால் பட்டது, பக்கத்தில் போனது என்று நோட்டில் குறிக்கிறோம். முன்னால் பட்டால் கால் மடியவில்லை என்று பொருள். பக்கத்தில் போனால் முழங்கை. பிற்பகலில் கடற்காற்று எழுந்தபின் எறிந்ததைத் தனிப் பக்கத்தில் எழுதுகிறோம்.

இரண்டு புள்ளி என்ன பெரிது என்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் ‘பி’ பிரிவு இறுதியாட்டத்தில் நம் இந்திய மகளிர் கஜகஸ்தானை 75-73 என்று வென்று ‘ஏ’ பிரிவுக்கு உயர்ந்தார்கள். அந்த அணியின் தலைவி சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். வித்தியாசம் இரண்டே ஃப்ரீ த்ரோ அளவு.

நோட்டை இப்போது வைத்திருப்பவள் அந்தத் தோழிதான். வெளிக்களத்திற்குப் போனால் ஆட்டத்திற்கு முன் எங்களை ஆளுக்குப் பத்து எறியச் சொல்லி, பந்து எங்கே படுகிறது என்று பார்த்துச் சொல்வாள். ஐப்பசி மழையில் கோட்டின் வண்ணம் பாதி அழிந்துவிட்டது. மேஸ்திரி ஐயா கோட்டின் இரு முனையிலும் உளியால் சிறு பள்ளம் கொத்திக் கொடுத்திருக்கிறார். மறுபடி வண்ணம் பூசுபவர்கள் அந்தப் பள்ளங்களைப் பார்த்துப் பூசவும்.